ரைன்-ரூர் எக்ஸ்பிரஸ் வந்துவிட்டதா, இல்லையா? ஆர்.இ. 1 ரயிலும் அதன் பாதையும்

ஜெர்மனியின் மேற்கில் உள்ள வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்து ரயில் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தே தீரும். ரைன்-ரூர் எக்ஸ்பிரஸ் 2018 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறது ஒரு செய்தி. ரைன்-ரூர் எக்ஸ்பிரஸ் வேலை 2030-களிலும் நடக்கும் என்கிறது இன்னொன்று. இதற்கு நடுவில், அந்தப் பெயர் பொறித்த புத்தம்புதிய ரயிலில் ஏறியவர், டூயிஸ்பர்க் நிலையத்துக்கு வெளியே காரணம் புரியாமல் பத்து நிமிடம் நின்றுகொண்டிருப்பார்.

இரண்டு செய்தியுமே உண்மைதான். ரயில்கள் வந்துவிட்டன. அவற்றுக்காகத் திட்டமிட்ட பாதை இன்னும் முடியவில்லை. இந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த மாநிலத்தின் முதன்மையான பிராந்திய ரயிலான ஆர்.இ. 1-ஐ எடுத்துக்கொள்வதே வசதி.

முதலில் சில பெயர்கள்

ஜெர்மனியில் பயணிகள் ரயில்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற நெடுந்தூர ரயில்கள் வணிகமுறையில் ஓடுகின்றன. டிக்கெட் வருமானத்தைக் கொண்டே அவை செலவைச் சமாளிக்க வேண்டும். மற்றொன்று பிராந்திய ரயில்கள். அரசு காசு கொடுத்து, இன்ன வழியில், இத்தனை மணிக்கு ஒருமுறை ஓட வேண்டும் என்று கேட்டுவாங்கும் சேவை அது.

இந்த இரண்டாவது கூட்டத்துக்குள் மூன்று வகை. நகரத்தையும் புறநகரையும் இணைக்கும் எஸ்-பான். வழியில் உள்ள எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரெகியோனால்பான். முக்கியமான ஊர்களில் மட்டும் நின்று வேகமாகப் போகும் ரெகியோனால் எக்ஸ்பிரஸ். கடைசி வகையைத்தான் சுருக்கமாக ஆர்.இ. என்கிறார்கள். மாதச் சந்தா 49 யூரோ என்று 2023 மே மாதம் அறிமுகமாகி, 2025-இல் 58, 2026-இல் 63 என்று விலை ஏறிய 'ஜெர்மனி டிக்கெட்' இந்த மூன்றுக்கும் செல்லும், ஐ.சி.இ.க்குச் செல்லாது. அதனால் தினமும் ஊர்விட்டு ஊர் வேலைக்குப் போகிறவருக்கும் மாணவருக்கும் ஆர்.இ. தான் வேகமான வண்டி.

ஆர்.இ. 1 பெல்ஜியம், நெதர்லாந்து எல்லைகளை ஒட்டிய ஆகெனில் புறப்படுகிறது. ட்யூரென், கொலோன், லெவர்குசன், டுசல்டோர்ஃப், டூயிஸ்பர்க், எசன், போகும், டோர்ட்மண்ட் வழியாக ஹம் வரை போகிறது. 200 கிலோமீட்டருக்கும் மேலான தூரம். வழியில் ரைன் நதியைக் கடந்து, பழைய நிலக்கரி, எஃகுப் பிரதேசமான ரூர் முழுவதையும் ஊடறுத்துச் செல்கிறது. ஆகென், கொலோன், டுசல்டோர்ஃப், எசன், போகும், டோர்ட்மண்ட் என்று இந்த ஒரே தடத்தில் இருக்கும் பல்கலைக்கழக ஊர்களைப் பார்த்தாலே வண்டியில் யார் ஏறுவார்கள் என்பது தெரிந்துவிடும். ஐரோப்பாவில் வாழும் ஈழத்தமிழர் பலருக்கும் இதன் கடைசி நிலையம் பழக்கம். ஹம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோவிலின் தேர்த்திருவிழாவுக்கு ரயிலில் போகிறவர்கள் இறங்குவது இங்கேதான்.

தடம் பழையது, அட்டவணைதான் புதியது

இந்தத் தடத்தின் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டில் தனியார் கம்பெனிகள் போட்டது. கொலோனிலிருந்து ஆகெனுக்கு 1841-இல் ரயில் வந்தது. 1843-இல் அது பெல்ஜியம் வரை நீண்டது. கொலோன்-மிண்டன் கம்பெனியின் பாதை 1847-இல் முழுமையானது. எசன், போகும் நகர மையங்கள் வழியாகப் போகும் இன்றைய முதன்மைப் பாதை 1862-இல் வேறொரு கம்பெனியால் திறக்கப்பட்டது. ஒன்றோடொன்று போட்டிபோட்ட இந்தப் பாதைகளை ஒட்டியே நகரங்கள் வளர்ந்தன. இன்று பாதையை அகலப்படுத்த நினைத்தால் இருபுறமும் வீடுகள் இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஆர்.இ. 1 என்ற சேவை உருவானது வேறொரு மாற்றத்தில். 1994-இல் ஜெர்மன் ரயில்வே சீர்திருத்தம் நடந்தது. 1996 தொடக்கத்திலிருந்து பிராந்திய ரயில்களின் பொறுப்பு மாநிலங்களுக்குப் போனது. பணம் மத்திய அரசிடமிருந்து வரும். நாடு முழுமைக்கும் சேர்த்து இன்று ஆண்டுக்கு 1,000 கோடி யூரோவுக்கும் மேல். எந்த ரயில், எப்போது, யார் ஓட்டுவது என்று முடிவெடுப்பது மாநிலமும், வி.ஆர்.ஆர். போன்ற போக்குவரத்துக் கூட்டமைப்புகளும்.

அந்த அதிகாரத்தை வைத்து வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியா 1998-இல் மாநிலம் தழுவிய கடிகார அட்டவணையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் ரயில் வரும். முக்கிய சந்திப்புகளில் ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாற நேரம் பொருந்தி வரும். தடங்களுக்கு எண் கொடுத்தபோது முதல் எண் இந்தத் தடத்துக்குக் கிடைத்தது. பிறகு ஆர்.இ. 6, ஆர்.இ. 11 போன்றவை இதே தடத்தின் நடுப்பகுதியைப் பகிர்ந்துகொண்டன. ஆர்.இ. 1 நெடுநாள் படர்போர்ன் வரை போய்க்கொண்டிருந்தது. 2016 டிசம்பரில் அதை ஹம்மோடு நிறுத்தி, கிழக்கே போகும் வேலையை ஆர்.இ. 11-க்குக் கொடுத்தார்கள். ஆர்.இ. 11 அப்போதிலிருந்து காசெல் வரை போகிறது.

காந்த ரயில் கைவிடப்பட்ட பிறகு

2000-களின் தொடக்கத்தில் மாநில அரசு இந்தத் தடத்துக்கு முற்றிலும் வேறான தீர்வைக் கையிலெடுத்தது. தண்டவாளத்தைத் தொடாமல் காந்த விசையில் மிதந்து ஓடும் டிரான்ஸ்ராபிட் வண்டியை டுசல்டோர்ஃபிலிருந்து டோர்ட்மண்ட் வரை விடுவது என்று. அதற்கு மெட்ரோராபிட் என்று பெயர். 2006 உலகக் கோப்பை கால்பந்துக்குள் முடிப்பதாகப் பேச்சு.

செலவு, நிதி பற்றிய சந்தேகங்கள் பெருகின. 2003 ஜூனில் அன்றைய மாநில முதல்வர் பேர் ஸ்டைன்புருக் அதைக் கைவிட்டார். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இந்தப் பகுதியில் பெரிய நகரங்கள் பத்து, இருபது கிலோமீட்டருக்கு ஒன்று என்று நெருக்கமாக இருக்கின்றன. வண்டி வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். பயணிக்கு வேண்டியிருந்தது உச்ச வேகமல்ல. காத்திருக்காமல் ஏறுவதற்கு அடிக்கடி ஒரு வண்டி. அந்த இடத்தில்தான் ரைன்-ரூர் எக்ஸ்பிரஸ், சுருக்கமாக ஆர்.ஆர்.எக்ஸ்., வந்தது. சாதாரணத் தண்டவாளம், சாதாரண மின்சார ரயில், ஆனால் கொலோனுக்கும் டோர்ட்மண்டுக்கும் நடுவில் 15 நிமிடத்துக்கு ஒன்று.

இந்தத் திட்டத்தில் மூன்று பாகங்கள் இருக்கின்றன. குழப்பம் எல்லாம் இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணுவதால் வருவது.

1. புதிய ரயில்கள். இது முடிந்துவிட்டது.
2. ஆகென், காசெல், கோப்ளென்ஸ் போன்ற கிளைப்பாதைகளில் உள்ள நிலையங்களின் நடைமேடைகளை உயர்த்துவதும் நீட்டுவதும். நிலையத்துக்கு நிலையம் நடந்துவருகிறது.
3. கொலோன்-டோர்ட்மண்ட் நடுப்பகுதியில் கூடுதல் தண்டவாளம், மேம்பாலச் சந்திப்புகள், சிக்னல் மாற்றம். 15 நிமிட இடைவெளி இதை நம்பித்தான் இருக்கிறது. இழுபறி முழுவதும் இங்கே.

ரயிலை வாங்கியது யார்?

முதல் பாகம் ஏன் சீக்கிரம் முடிந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பழைய முறையில், ஒரு தடத்தை ஓட்ட ஏலம் கேட்கும் கம்பெனியே ரயில்களையும் வாங்க வேண்டும். கையில் நிறைய முதலீடு இருக்கும் பெரிய கம்பெனிகளுக்கே அது சாத்தியம். ஒப்பந்தம் 15 ஆண்டு என்றால், வண்டியின் ஆயுள் 30 ஆண்டு. மிச்ச ஆண்டுகளுக்கான ஆபத்தையும் விலையில் சேர்த்துத்தான் கம்பெனி கேட்கும்.

ஆர்.ஆர்.எக்ஸ்.-இல் இதை உடைத்தார்கள். 2015-இல் போக்குவரத்துக் கூட்டமைப்புகள் சேர்ந்து சீமென்ஸிடம் 82 ரயில்களுக்கு நேரடியாக ஆர்டர் கொடுத்தன. 32 ஆண்டுகளுக்குப் பராமரிப்பும் சீமென்ஸின் பொறுப்பு. அதற்காக டோர்ட்மண்டின் ஏவிங் பகுதியில் தனிப் பணிமனை கட்டப்பட்டது. மொத்த மதிப்பு சுமார் 170 கோடி யூரோ. ஓட்டுகிற கம்பெனி தனி ஏலத்தில் வரும். ரயிலை வாடகைக்கு எடுத்து ஓட்டும். ஒப்பந்தம் முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்.

ரயிலின் வடிவமைப்பிலும் இந்தத் தடத்தின் தேவை தெரிகிறது. டெசிரோ எச்.சி. என்ற இந்த வண்டியில் நான்கு பெட்டிகள். முன்னும் பின்னும் ஒற்றைத்தளம், நடுவில் இரண்டும் இரட்டைத்தளம், சுமார் 400 இருக்கைகள். இதற்கு முன் ஆர்.இ. 1-இல் ஓடியது ஓர் எஞ்சின் இழுத்த இரட்டைத்தளப் பெட்டி வரிசை. அதில் இழுவிசை முழுவதும் ஒரே எஞ்சினில். புதியதில் இரண்டு முனைப் பெட்டிகளிலும் மோட்டார். நிலையத்தை விட்டதும் சட்டென்று வேகம் எடுக்க முடியும். இரண்டுமே 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியவைதான். ஆனால் ஏறக்குறைய இருபது நிலையங்களில் நின்று கிளம்பும் வண்டிக்கு உச்ச வேகத்தைவிட, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு விரைவாக எழுகிறது என்பதே நேரத்தைத் தீர்மானிக்கும். இரண்டு வண்டிகளைக் கோத்தால் நீளம் 210 மீட்டர் வரும். நடைமேடை 215 மீட்டர் இருக்க வேண்டும் என்ற கணக்கு இங்கிருந்து வருகிறது. உயரம் 76 சென்டிமீட்டர் வேண்டும். பழைய நிலையங்கள் பலவற்றில் 38 சென்டிமீட்டர்தான். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் குழந்தை வண்டி தள்ளி வருபவருக்கும் அந்த உயர வித்தியாசம்தான் பயணம் சாத்தியமா இல்லையா என்பதையே முடிவு செய்கிறது.

2018 டிசம்பரில் ஆர்.இ. 11-இல் புதிய வண்டிகள் ஓடத் தொடங்கின. 2019-இல் ஆர்.இ. 5, ஆர்.இ. 6, 2020 ஜூனில் ஆர்.இ. 1, அந்த ஆண்டு டிசம்பரில் ஆர்.இ. 4.

ஓட்டியவர் கைவிட்டபோது

ஆர்.இ. 1, ஆர்.இ. 11 இரண்டையும் ஓட்டும் ஏலத்தில் வென்றது அபெலியோ. நெதர்லாந்து அரசு ரயில்வேக்குச் சொந்தமான கம்பெனி. ஆர்.இ. 1-ஐ எடுத்து ஓராண்டு முடிந்த கையோடு, 2021 ஜூன் இறுதியில், அபெலியோவின் ஜெர்மன் பிரிவு திவால் பாதுகாப்புக் கோரியது. ஊழியர் செலவு உயர்ந்தது, பாதை வேலைகளால் மாற்றுப் பேருந்து விடும் செலவும் தாமத அபராதமும் கூடின, ஒப்பந்தத் தொகை அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்பது கம்பெனியின் வாதம். குறைந்த விலைக்கு ஏலம் கேட்டது யார் என்று மறுதரப்பு கேட்டது. இரண்டிலும் நியாயம் உண்டு. பல ஆண்டு நீளும் ஒப்பந்தத்தில், தன் கையில் இல்லாத செலவுகளை ஒரு தரப்பு மட்டும் சுமந்தால் அது எப்போதாவது முறியும். மற்ற ஏலதாரர்களைவிடக் குறைத்துக் கேட்டவரே வெல்லும் முறையில், அந்தச் சுமையை யாரும் விலையில் காட்டவும் மாட்டார்கள்.

பேச்சுவார்த்தை தோற்றது. 2022 ஜனவரி 31-ஆம் தேதியோடு அபெலியோ அந்த மாநிலத்தில் ஓட்டுவதை நிறுத்தியது. மறுநாள் பிப்ரவரி 1 முதல் ஆர்.இ. 1-ஐயும் ஆர்.இ. 11-ஐயும், ஏற்கெனவே ஆர்.இ. 5, 6, 4 ஆகியவற்றை ஓட்டிக்கொண்டிருந்த நேஷனல் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனி எடுத்துக்கொண்டது. இதே வண்டிகள், இதே பணிமனை; ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் முதலாளி மட்டும் மாறினார். ரயில்கள் அபெலியோவுக்குச் சொந்தமாக இருந்திருந்தால் அவை கடன்காரர்களின் பேச்சுவார்த்தைக்குள் போயிருக்கும். ரயிலைப் பொது உடைமையாக வைத்த 2015 முடிவின் பலன் அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

அப்படியானால் தாமதம் எங்கிருந்து வருகிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் வேண்டும்: டிராசே. ஒரு பாதையில் ஒரு ரயில், குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட வேகத்தில் ஓடுவதற்கு ஒதுக்கப்படும் இடம் அது. தண்டவாளத்தில் ஒரு நேரத்துண்டு என்று நினைத்துக்கொள்ளலாம். ஜெர்மன் அரசு ரயில்வேயான டாய்ச்ச பான் குழுமத்தின் அங்கமாகப் பாதையை நிர்வகிக்கும் டி.பி. இன்ஃப்ராகோ இதை ரயில் கம்பெனிகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒதுக்குகிறது.

ஒரு பாதையில் எத்தனை டிராசே இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

1. இரண்டு ரயில்களுக்கு நடுவில் குறைந்தது 3 நிமிடம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்லா ரயிலும் ஒரே வேகத்தில், ஒரே நிலையங்களில் நின்று போனால் மணிக்கு 20 ரயில் விடலாம்.
2. இப்போது ஒரே பாதையில் இரண்டு வகை. ஒரு தூரத்தை ஐ.சி.இ. 20 நிமிடத்திலும், நின்று நின்று போகும் ரயில் 30 நிமிடத்திலும் கடக்கிறது. மெதுவான ரயில் 12.00 மணிக்குக் கிளம்பினால் 12.30-க்குப் போய்ச் சேரும். பின்னால் வரும் ஐ.சி.இ. அதை முட்டாமல் 12.33-க்கு வர வேண்டும் என்றால் 12.13-க்குத்தான் கிளம்ப முடியும். அடுத்த மெதுவான ரயில் 12.16-க்கு.
3. ஆக, இரண்டு ரயிலுக்கு 16 நிமிடம் போய்விடுகிறது. மணிக்கு ஏழு அல்லது எட்டு. தண்டவாளம் அதேதான், கொள்ளளவு பாதிக்கும் கீழே.
4. முதல் ரயில் 5 நிமிடம் தாமதமானால் பின்னால் வருவது அத்தனையும் தாமதம். நடுவில் காலி இடம் இருந்தால்தான் அந்தச் சங்கிலி அறும். நிரம்பிய அட்டவணையில் காலி இடமே இல்லை.

கொலோனிலிருந்து டோர்ட்மண்ட் வரை ஐ.சி.இ.யும் ஆர்.இ.யும் பெரும்பாலும் ஒரே தண்டவாளத்தைத்தான் பகிர்கின்றன. அளவுக்கு மீறி நிரம்பிய பாதை என்று ஜெர்மன் ரயில் சட்டத்தில் ஒரு முறையான வகைப்பாடே உண்டு. இந்தத் தடத்தின் பகுதிகள் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மேற்கு முனையில், கொலோன் மத்திய நிலையத்துக்குள் கிழக்கிலிருந்து நுழைய வேண்டுமானால் 1911-இல் திறந்த ஹோஹென்சோலர்ன் பாலத்தைத்தான் கடக்க வேண்டும். ஆறே தண்டவாளம். ஜெர்மனியின் நாலா பக்கமும் போகிற ரயில்கள் அங்கே வரிசை கட்டுகின்றன. ஹாம்பர்கில் கிளம்பிய ஐ.சி.இ. அரைமணி தாமதமாக வந்தாலும், அன்றைக்கு ஆகெனிலிருந்து சரியான நேரத்துக்குக் கிளம்பிய ஆர்.இ. 1 அதற்காக வெளியே நிற்க நேரிடும். வண்டியின் மேல் எழுதியிருக்கும் கம்பெனியின் பெயரைத்தான் பயணி திட்டுவார். அந்த நிமிடத்தில் அந்தக் கம்பெனியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பாதையைச் சீர்செய்யும் வேலையே தாமதத்துக்குக் காரணமாகிறது. டூயிஸ்பர்க்கில் 2022 முதல் அலைபோன்ற புதிய கூரையின் கீழ் நடைமேடைகளை ஒவ்வொன்றாக இடித்துக் கட்டுகிறார்கள். அந்தச் சமயத்தில் இருக்கும் நடைமேடைகளில்தான் எல்லா ரயிலையும் நிறுத்தியாக வேண்டும். பக்கத்து வழியான ஹாகன்-வூப்பர்டால்-கொலோன் பாதையை மொத்தமாக மூடிச் சீரமைக்க 2026-இன் முதல் பாதியை ஒதுக்கினார்கள். ஒரு வழியை மூடினால் பாரம் மறுவழியில் ஏறும்.

ஆறு தண்டவாளமும் ஆங்கர்முண்டும்

மூன்றாம் பாகத்தின் மையம் வேகமான ரயிலையும் நிற்கும் ரயிலையும் பிரிப்பது. டுசல்டோர்ஃபுக்கும் டூயிஸ்பர்க்குக்கும் நடுவில் நான்கு தண்டவாளம் ஆறாக வேண்டும். அப்போது எஸ்-பானுக்கு ஒரு ஜோடி, ஆர்.ஆர்.எக்ஸ்.-க்கு ஒரு ஜோடி, ஐ.சி.இ.க்கு ஒரு ஜோடி. மேலே போட்ட கணக்கில் இரண்டாவது நிலையிலிருந்து முதல் நிலைக்குத் திரும்பும் வழி இதுதான். லெவர்குசன் பக்கமும் கூடுதல் தண்டவாளம் திட்டத்தில் உண்டு.

ஜெர்மனியில் புதிய ரயில் பாதைக்குத் திட்ட ஒப்புதல் நடைமுறை கட்டாயம். வரைபடங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பாதிக்கப்படும் எவரும் ஆட்சேபம் எழுதலாம். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அதன்பிறகே மத்திய ரயில்வே ஆணையம் ஒப்புதல் தரும். அதையும் எதிர்த்து நீதிமன்றம் போகலாம். திட்டத்தில் மாற்றம் செய்தால் மறுபடி காட்சிக்கு வைக்க வேண்டும். கொலோன்-டோர்ட்மண்ட் தடம் முழுவதையும் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இந்த வாசல் வழியே அனுப்புகிறார்கள்.

இதில் பேர்பெற்ற துண்டு, டுசல்டோர்ஃபின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஆங்கர்முண்ட். குடியிருப்புக்கு நடுவே பாதை போகிறது. ஆறு தண்டவாளமும் உயரமான ஒலித்தடுப்புச் சுவர்களும் வந்தால் ஊர் இரண்டாகப் பிளக்கும் என்று அங்குள்ளவர்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். சுவருக்குப் பதிலாகப் பாதையைத் தாழ்த்தி மூட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதற்கான கூடுதல் செலவும், கட்டும் காலத்தில் ரயிலை எங்கே ஓட்டுவது என்பதும் எதிர்வாதம். தினமும் இந்தத் தடத்தை நம்பியிருப்பவர்களின் தரப்பில் நான் நின்றாலும், வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவரைத் தலைமுறைக்கும் பார்க்கப்போகிறவர்கள் கேட்கும் கேள்வியைத் தடங்கல் என்று ஒதுக்க முடியாது. அவர்களோடு தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் போன ஆண்டுகளில் சிலவற்றையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம்.

ஒரு துண்டு நின்றால் மற்றவை முடிந்தும் பலன் குறைவு. 15 நிமிட இடைவெளி முழுத் தடத்துக்குமான கணக்கு. நடுவில் 10 கிலோமீட்டர் பழைய நான்கு தண்டவாளமாகவே இருந்தால், அட்டவணை எழுதுபவர் அந்த 10 கிலோமீட்டரை வைத்துத்தான் முழு நாளையும் எழுத வேண்டும்.

அதுவரை பயணி என்ன செய்யலாம்?

ரயில் செய்தி எதைப் படித்தாலும், அது ரயிலைப் பற்றியதா, ஓட்டும் கம்பெனியைப் பற்றியதா, தண்டவாளத்தைப் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். ஊழியர் பற்றாக்குறையால் ரத்து என்றால் அது கம்பெனி. பெட்டி குறைவாக வந்தால் பராமரிப்புப் பக்கமும் பார்க்க வேண்டும். சிக்னல் கோளாறு, முன்னால் வேறு ரயில், பாதை வேலை என்றால் அது தண்டவாளம்.

அப்புறம், அந்த மாநிலத்தில் பலர் பயன்படுத்தாமலே விட்டுவிடும் ஓர் உரிமை உண்டு. நீங்கள் ஏறும் இடத்தில் ஆர்.இ. குறைந்தது 20 நிமிடம் தாமதம் என்றால், மாநிலக் கட்டண முறையில் வாங்கிய டிக்கெட் கையில் இருந்தால், மொபிலிட்டி கேரன்ட்டி என்ற உத்தரவாதத்தின் கீழ் ஐ.சி.இ.யிலோ டாக்சியிலோ போய்விட்டு, குறிப்பிட்ட வரம்பு வரை அந்தச் செலவைத் திரும்பக் கேட்கலாம். பணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். ரசீதை வைத்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்துக்குத் தண்டவாளம் காரணமா, கம்பெனி காரணமா என்பதை அங்கே நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.